டீமனைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அதை எப்படி அனுப்புறதுன்னு பாருங்க: டி அண்ட் டி வார்லாக், விசார்டுகளுக்கான கைடு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டிங்கிற டேபிள்ல உட்கார்ந்து கதையா ஆடுற கேம்ல, வார்லாக், விசார்ட் மாதிரி மந்திரவாதி கதாபாத்திரத்துக்கு டீமன் வரவழைக்கிற ஸ்பெல் (மந்திரம்) கைக்கு வந்ததும் எல்லாரும் அரக்கர்களோட விவரப் புக்கான மான்ஸ்டர் மேனுவலைத் திறந்து எது அதிகமா அடிக்கும்னுதான் தேடுறாங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. நீங்க முதல்ல பார்க்க வேண்டிய நம்பர் அந்த டீமனோட கரிஸ்மா சேவ், அதாவது உங்க மந்திரத்துல இருந்து தப்பிக்க டி20ங்கிற 20 முகப் பகடையை உருட்டுறப்போ அது கூட்டிக்கிற எண். அது எத்தனை டர்ன் உங்க பேச்சைக் கேட்கும், எப்போ கையை விட்டுப் போகும்னு பெரும்பாலும் அந்த ஒரு நம்பர் தான் முடிவு பண்ணுது. நான் இங்க பேசப்போறது 5ஆம் எடிஷன், 2014 ரூல்ஸ் வச்சு. கூடவே 2017ல வந்த ஸனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங், 2020ல வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங். 2024 ரூல்ஸ்ல மாறினது எதுன்னு தேவைப்படுற இடத்துல சொல்றேன்.

டீமன் வேற டெவில் வேற, இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. டீமன் அபிஸ்ல இருந்து வருது, கேயாட்டிக் ஈவில், அதுக்கு ஒப்பந்தம், வாக்கு எதுவும் கிடையாது, கிட்ட இருக்கிறதை அடிக்கும் அவ்வளவுதான். டெவில் நைன் ஹெல்ஸ்ல இருந்து வருது, லாஃபுல் ஈவில், பேச்சுவார்த்தைக்கு வரும் ஆனா ஒவ்வொரு பேச்சுலயும் உங்களை ஒரு படி கீழ இழுக்கப் பார்க்கும். யுகோலாத்னு மூணாவது ஒரு கூட்டம் இருக்கு, காசு குடுத்தா யாருக்கும் சண்டை போடுற கூலிப்படை. டீமனுக்கும் டெவிலுக்கும் நடக்கிற ப்ளட் வார்ல ரெண்டு பக்கமும் கூலி வாங்குறவங்க. ஸ்பெல்லை எழுதினவங்க இந்தக் குணத்தை அப்படியே ரூல்ஸ்க்குள்ள கொண்டு வந்திருக்காங்க, அதனால குணம் தெரிஞ்சா ஸ்பெல் எப்படி நடந்துக்கும்னு பாதி நீங்களே சொல்லிடலாம்.

இப்போ முக்கியமான ஸ்பெல்லுக்கு வருவோம், சம்மன் கிரேட்டர் டீமன். 4ஆம் லெவல் ஸ்பெல், வார்லாக்குக்கும் விசார்டுக்கும் 7ஆம் லெவல்ல கிடைக்கும், ஒரு ஆக்‌ஷன்ல போட்டுடலாம், கான்சன்ட்ரேஷன் வேணும் (கவனத்தை அதுலயே வச்சிருந்தாத்தான் ஸ்பெல் நிக்கும்), அதிகபட்சம் 1 மணி நேரம் நிக்கும். சேலஞ்ச் ரேட்டிங், அதாவது எவ்வளவு ஆபத்தானதுன்னு சொல்ற எண், 5 வரைக்கும் எந்த டீமன் வேணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம், இதுதான் இந்த ஸ்பெல்லோட பெரிய பலமே. ஒவ்வொரு டர்ன்லயும் வாயால ஒரு கட்டளை குடுக்கலாம், அதுக்கு ஆக்‌ஷன் செலவாகாது, அதனால டீமன் ஒரு பக்கம் அடிக்க நீங்க பாட்டுக்கு எல்ட்ரிட்ச் ப்ளாஸ்டோ ஃபயர் போல்ட்டோ விட்டுக்கிட்டே இருக்கலாம். கட்டளை குடுக்காம விட்டா, தன்னை அடிச்ச ஆள் கைக்கெட்டுற தூரத்துல இருந்தா மட்டும் திருப்பி அடிக்கும். சிக்கல் எங்கன்னா டீமனோட ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் அது ஒரு கரிஸ்மா சேவ் போடும், ஜெயிச்சிடுச்சுன்னா அந்த ஸ்பெல் முடியற வரைக்கும் உங்க கட்டுப்பாடு போச்சு, அதுக்கப்புறம் பக்கத்துல இருக்கிற டீமன் அல்லாத யாரா இருந்தாலும் துரத்தித் துரத்தி அடிக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 7ஆம் லெவல் விசார்ட், இன்டெலிஜன்ஸ் 18, ஸ்பெல் சேவ் டிசி, அதாவது டீமன் தப்பிக்க எட்ட வேண்டிய எண், 15. ஸனாதர் புக்குலயே உதாரணமா சொல்ற ரெண்டு டீமன் பார்ல்குராவும் ஷேடோ டீமனும். பார்ல்குராவோட கரிஸ்மா 9, சேவ்ல மைனஸ் 1, மந்திரத்தை எதிர்க்க உதவுற மேஜிக் ரெசிஸ்டன்ஸும் கிடையாது, அதனால டி20ல 16 இல்லன்னா அதுக்கு மேல விழுந்தாத்தான் தப்பிக்கும், அதாவது ஒரு டர்னுக்கு 25 சதவீதம். ஷேடோ டீமனுக்கு கரிஸ்மா சேவ் பிளஸ் 4, 11 விழுந்தாலே போதும், 50 சதவீதம். மூணு டர்ன் வரைக்கும் கட்டுக்குள்ள இருக்கிற வாய்ப்பு பார்ல்குராவுக்கு சுமார் 42 சதவீதம், ஷேடோ டீமனுக்கு வெறும் 12.5. ரெண்டுக்கும் செலவாகுறது ஒரே ஸ்லாட் தான் (ஸ்லாட்னா ஸ்பெல் போட வச்சிருக்கிற சக்தியோட ஒரு பங்கு). பார்ல்குரா சேலஞ்ச் ரேட்டிங் 5, ஹிட் பாயிண்ட் 68, ஒரு டர்னுக்கு மூணு அடி, ஷேடோ டீமன் சேலஞ்ச் ரேட்டிங் 4. ஆக இங்க வலுவானதும் பார்ல்குராதான் பேச்சு கேட்கிறதும் அதுதான், சந்தேகமே வேண்டாம், முதல் தடவை போடுறவங்க கண்ணை மூடிக்கிட்டு பார்ல்குராவை எடுங்க. அதுக்கு இன்விசிபிலிட்டி, என்டாங்கில் எல்லாம் கூட இருக்கு, வெறும் அடிதடிக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க.

அப்போ பெரிய ஸ்லாட் போட்டு இன்னும் பெரிய டீமனைக் கூப்பிட்டா நல்லதுதானேன்னு தோணும். 5ஆம் லெவல் ஸ்லாட்ல சேலஞ்ச் ரேட்டிங் 6 கிடைக்கும், வ்ராக்கைக் கூப்பிடலாம், பறக்கும், கத்தியே ஆளை ஸ்டன் பண்ணும், பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா வ்ராக்குக்கு கரிஸ்மா சேவ் பிளஸ் 2, அதுக்கு மேல மேஜிக் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதால ரெண்டு டி20 உருட்டி நல்லதை எடுத்துக்கும். 9ஆம் லெவல், இன்டெலிஜன்ஸ் 20, டிசி 17ன்னு வச்சாக்கூட ஒவ்வொரு டர்னும் சுமார் 51 சதவீதம் தப்பிச்சுடும். அதே டிசிக்கு பார்ல்குரா தப்பிக்கிறது 15 சதவீதம் தான். அதனால லெவல் ஏற ஏற டீமனைப் பெருசாக்குறதை விட பழைய பார்ல்குராவையே கூப்பிடுறது பல நேரம் புத்திசாலித்தனம், ஏன்னா உங்க டிசி ஏறிக்கிட்டே போகும் அதோட சேவ் அங்கயேதான் நிக்கும்.

ட்ரூ நேம், அதாவது அந்த டீமனோட உண்மையான பேர் தெரிஞ்சு அதைச் சொன்னீங்கன்னா சேவ்ல அதுக்கு டிஸ்அட்வான்டேஜ், ரெண்டு டி20 உருட்டி மோசமானதை எடுக்கணும். 25 சதவீதமா இருந்த பார்ல்குரா 6.25க்கு இறங்கிடும், மூணு டர்ன் கட்டுக்குள்ள இருக்கிற வாய்ப்பு 82க்கு ஏறிடும். வ்ராக் மாதிரி மேஜிக் ரெசிஸ்டன்ஸ் உள்ளதுக்கு ரெண்டும் கழிஞ்சு சாதா ஒரு டி20ல வந்து நிக்கும், டிசி 17ல 30 சதவீதம், அதுவும் பரவாயில்லை. ஸ்பெல்லோட வரிகள்ல டீமன் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்னுதான் இருக்கு, குறிப்பிட்ட ஒரு ஆளைக் கூப்பிடலாமான்னு தெளிவா இல்லை, அதனால பேர் தேடி அலையறதுக்கு முன்னாடி கேமை நடத்துற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) கிட்ட கேட்டுக்கோங்க. டிஎம் சரின்னு சொன்னா அது ஒரு முழு சாகசத்துக்கான கதை, பழைய நூலகம், வேற ஒரு டெவிலோட பேரம், லெஜன்ட் லோர் ஸ்பெல்னு எத்தனையோ வழி இருக்கு. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும், ஒரு பேருக்காக மூணு நாலு செஷன் ஓடின பிறகு அதைச் சண்டையில உச்சரிக்கிறப்போ டேபிளே அமைதியாகிடும்.

இப்போ அனுப்புற விஷயம். இங்க ஒரு வரியை ரொம்பக் கவனமா படிக்கணும். டீமன் இன்னும் உங்க கட்டுப்பாட்டுல இருக்கிறப்போ கான்சன்ட்ரேஷனை விட்டீங்கன்னா உடனே மறைஞ்சுடும். கட்டுப்பாடு போன பிறகு விட்டீங்கன்னா அது மறையாது, உயிரோட இருந்தா இன்னும் டி6 ரவுண்டு (ஆறு முகப் பகடை காட்டுற அத்தனை சுற்று) அங்கயே நின்னு அடிச்சுட்டுத்தான் போகும். கான்சன்ட்ரேஷனை எப்போ வேணா விடலாம், ஆக்‌ஷன் தேவையில்ல, அதனால ஒவ்வொரு தடவை அது சேவ்ல தோத்ததும் உங்களையே கேளுங்க, இன்னொரு டர்ன் இதோட அடி எனக்கு வேணுமா, வேணும்னா அந்த 25 சதவீத ரிஸ்க் தகுமான்னு. எதிரி ஒருத்தன்தான் மிச்சம், அவனும் அரை உயிர்ல நிக்கிறான்னா அப்பவே டீமனை அனுப்பிடுங்க, ஏன்னா அந்த ஒருத்தன் செத்ததும் கிட்ட நிக்கிற டீமன் அல்லாத ஆள் யாருன்னா உங்க ஃபைட்டர்தான்.

கட்டு அறுந்துடுச்சுன்னா பதறி கான்சன்ட்ரேஷனை விடாதீங்க, முதல்ல அது எங்க நிக்குதுன்னு பாருங்க. எதிரிக் கூட்டத்துக்கு நடுவுல நின்னா அதை அப்படியே இருக்க விடுங்க, அது அவங்களைத்தான் அடிக்கப் போகுது, உங்க ஆட்களைப் பின்வாங்கச் சொன்னா போதும். இதனாலதான் ஆரம்பத்துலயே 60 அடி ரேஞ்சை முழுசாப் பயன்படுத்தி எதிரிக்கு அந்தப் பக்கமா இறக்கணும், உங்க பக்கத்துல இறக்கி நடக்க வைக்கக் கூடாது. கூட்டாளி யாருக்காவது பானிஷ்மென்ட், அதாவது வேற உலகத்துக்கே துரத்துற ஸ்பெல், இருந்தா ரொம்ப நல்லது, அதுவும் கரிஸ்மா சேவ்தான், பார்ல்குரா அதுல மோசம்னு மேலயே பார்த்தோம். ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் 1ஆம் லெவல் ஸ்பெல், ஃபீன்ட், அதாவது டீமன், டெவில் மாதிரி தீய பிறவிங்க, அடிக்கிற அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் குடுக்கும், க்ளெரிக் அதை உங்க முன்வரிசை ஆள் மேல போட்டு வச்சா தலைவலி பாதி குறையும்.

ரத்த வட்டம் பத்தி நிறைய பேருக்கு அரைகுறையாத்தான் தெரியும். ஸ்பெல்லுக்கான மெட்டீரியல் 24 மணி நேரத்துக்குள்ள செத்த ஒரு ஹியூமனாய்டோட, அதாவது மனுஷ வடிவ ஆளோட, ரத்தம், ஒரு சின்னக் குப்பியில. விலை எதுவும் போடலை, அதனால ஸ்பெல் போட மட்டும்னா மெட்டீரியலுக்குப் பதிலா ஃபோகஸ்ங்கிற மந்திரக் கருவி வச்சு சமாளிச்சுடலாம். ஆனா போடுறப்பவே அந்த ரத்தத்தால தரையில வட்டம் போட்டுக்கலாம்னு ஒரு வசதி இருக்கு, நீங்க நிக்கிற இடம் உள்ள அடங்குற அளவு வட்டம், டீமன் அதைத் தாண்ட முடியாது, உள்ள இருக்கிறவங்களைக் குறி வைக்கவும் முடியாது, அதுக்கு நிஜ ரத்தம் வேணும், செலவாகியும் போகும். அதனால சண்டை முடிஞ்ச கையோட கொள்ளைக்காரன் பிணத்துல இருந்து ஒரு குப்பி எடுத்து வச்சுக்கிற பழக்கம் வேணும், பாலடின் முகம் சுளிப்பார், அது அந்தக் கதாபாத்திரங்களுக்கு நடுவுல நடக்க வேண்டிய நல்ல பேச்சு. இன்னொண்ணு, வட்டம் ஸ்பெல் இருக்கிற வரைக்கும்தான். கட்டு அறுந்த டீமன் முன்னாடி கான்சன்ட்ரேஷனை விட்டா ஸ்பெல் முடிஞ்சுது, வட்டமும் போச்சு, டீமன் மட்டும் இன்னும் டி6 ரவுண்டு இருக்கு. அதனால வட்டத்துக்குள்ள நிக்கிறீங்கன்னா விடாம பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அடி வாங்கினா கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடணும்ங்கிறதால வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் திறமை) இல்லன்னா ரெசிலியன்ட் கான்ஸ்டிட்யூஷன், ரெண்டுல ஒண்ணு எடுத்துட்டு இந்த ஸ்பெல் பக்கம் வாங்க.

சம்மன் லெஸ்ஸர் டீமன்ஸ் 3ஆம் லெவல். டி6 உருட்டணும், 1, 2 விழுந்தா சேலஞ்ச் ரேட்டிங் 1 வரை ரெண்டு டீமன், 3, 4 விழுந்தா அரை வரை நாலு, 5, 6 விழுந்தா கால் வரை எட்டு, என்ன டீமன்னு டிஎம் தான் முடிவு பண்ணுவார், பெரும்பாலும் மேன்ஸ் இல்லன்னா ட்ரெட்ச். கட்டுப்பாடே கிடையாது, வந்த நிமிஷத்துல இருந்து எல்லாருக்கும் எதிரி. பயமா இருக்கேன்னு நிறைய பேர் ஒதுக்கிடுறாங்க, ஆனா இதுல ஒரு நல்லது இருக்கு, இங்க அந்த டி6 ரவுண்டு வால் கிடையாது, கான்சன்ட்ரேஷனை விட்ட உடனே எல்லாம் மறைஞ்சுடும். அதனால அணைக்கிறதுன்னு பார்த்தா கிரேட்டர் டீமனை விட இதுதான் பத்திரம். எதிரி முகாம் தூங்குறப்போ, ஜன்னல் வழியா ஒரு ரூமுக்குள்ள, ஒத்தைக் கதவு இருக்கிற காவலர் அறைக்குள்ள போட்டுட்டு கதவைச் சாத்திட்டு நகர்ந்துடுங்க. பக்கத்துல இருக்கிற ஆளா நீங்க இருக்கக் கூடாது, விதி அவ்வளவுதான். திறந்தவெளியில பார்ட்டி முன்வரிசை சண்டை போட்டுக்கிட்டு இருக்கிறப்போ மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க.

டெவில் வேணும்னா இன்ஃபெர்னல் காலிங், 5ஆம் லெவல், போட 1 நிமிஷம் ஆகும், 999 கோல்டு மதிப்புள்ள ரூபி ஒண்ணு கையில இருக்கணும், செலவாகாது. சேலஞ்ச் ரேட்டிங் 6 வரை டெவில் வரும், டிஎம் கையிலதான் இருக்கும், உங்களைப் பிடிக்கவே பிடிக்காது. நீங்க சொல்ற கட்டளை அதோட ஆசைக்கு ஒத்துப் போனா, அதுவும் உங்களைக் கெட்ட வழிக்கு இழுக்கும்னா, உருட்டாமலேயே செய்யும். இல்லன்னா உங்க கரிஸ்மா, அதாவது டிசெப்ஷன், இன்டிமிடேஷன், பெர்சுவேஷன்ல ஏதாவது ஒண்ணு, அந்த டெவிலோட இன்சைட்டோட (மனசைப் படிக்கிற திறமை) மோதணும், ஒரே ஒரு தடவை தோத்தாக்கூட அந்த ஸ்பெல் முழுக்க உங்க கட்டளை எதுவும் பலிக்காது. இது வார்லாக்குக்கு இயல்பா பொருந்துற ஸ்பெல், கரிஸ்மா எட்டா இருக்கிற விசார்ட் தொடவே வேண்டாம். சின்னச் சின்னதா பத்து கட்டளை போடாம பெருசா ஒண்ணே ஒண்ணு குடுங்க, ஜெயிச்சா அந்த வேலை முடியற வரைக்கும் செஞ்சுட்டு வந்து சொல்லும். பார்ப்டு டெவிலுக்கு இன்சைட் பிளஸ் 5, பியர்டெட் டெவிலுக்கு ஒண்ணுமே இல்ல, சேலஞ்ச் ரேட்டிங் 3 தானேன்னு இளக்காரமா பார்க்காதீங்க, பேச்சு கேட்கிறது அதுதான். ஒரு குறிப்பிட்ட டெவிலோட தாயத்து உங்க கையில இருந்தா உருட்டவே வேண்டாம், சொன்னதெல்லாம் கேட்கும், சேலஞ்ச் ரேட்டிங்கும் ஒண்ணு கூடும். மறந்துடாதீங்க, கட்டளை பலிக்காம போன பிறகு கான்சன்ட்ரேஷன் போனா 3டி6 நிமிஷம் அது இஷ்டத்துக்குத் திரியும், நிமிஷம், ரவுண்டு இல்ல.

இந்த வம்பெல்லாம் வேண்டாம்னா டாஷா புக்ல சம்மன் ஃபீன்ட் இருக்கு, 6ஆம் லெவல், 2024 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்லயும் வந்துடுச்சு. 600 கோல்டு குப்பி ஒண்ணு வேணும், வர்றது உங்க நண்பன், சொன்னதைக் கேட்கும், திரும்பாது. டெவில் பறந்துக்கிட்டே 150 அடி தூரத்துல இருந்து நெருப்பு வீசும், யுகோலாத் அடிச்சுட்டு 30 அடி டெலிபோர்ட் ஆகும், டீமன் செத்தாலும் ஸ்பெல் முடிஞ்சாலும் வெடிக்கும், அதனால டீமனை எதிரிகளுக்கு நடுவுல நிறுத்தி வேணும்னே கான்சன்ட்ரேஷனை விட்டா அதுவே ஒரு குண்டு. நம்பகமானது, சந்தோஷமா எடுத்துக்கலாம். ஆனா டீமனோட பேரம் பேசுற அந்தப் பதற்றம் இதுல இல்லங்கிறதையும் சொல்லிடணும்.

ரொம்ப நேரம் கட்டி வைக்க ப்ளானர் பைண்டிங். 1 மணி நேரம் போடணும், 1000 கோல்டு நகை செலவாகும், கரிஸ்மா சேவ்ல தோத்தா 24 மணி நேரம் வேலை செய்யும், 9ஆம் லெவல் ஸ்லாட்னா ஒரு வருஷமும் ஒரு நாளும். தனி ஆளா இதைச் செய்ய முடியாது, ஏன்னா நீளமான ஸ்பெல் போடுறப்போ அதுக்கே கான்சன்ட்ரேஷன் வேணும், அப்போ டீமனைப் பிடிச்சு வச்சிருக்கிற கான்சன்ட்ரேஷன் போயிடும். ரெண்டு காஸ்டர் வேணும், ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் கட்ட. தலைகீழா, அதாவது உள்ள இருக்கிறது வெளிய வர முடியாதபடி, போட்ட மேஜிக் சர்க்கிள் ஸ்பெல்லுக்குள்ள டீமனை நிறுத்தணும், அதுவும் 1 மணி நேரம்தான் நிக்கும், அதனால 4ஆம் லெவல் ஸ்லாட்ல போட்டு ரெண்டு மணி நேரமா நீட்டிக்கோங்க. கிரேட்டர் டீமனும் 1 மணி நேரம், பைண்டிங்கும் 1 மணி நேரம், கடைசி ரவுண்டுல எது முந்தும்னு டிஎம் தீர்ப்பை முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க.

கதாபாத்திரம் உருவாக்குற பக்கம் வந்தா ஃபீன்ட் பேட்ரன் வார்லாக், அதாவது ஒரு ஃபீன்ட் கூட ஒப்பந்தம் போட்டு சக்தி வாங்கின ஆள், அதுதான் என் முதல் தேர்வு. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னு நம்ம ஊர்ல சொல்றதை அப்படியே க்ளாஸ் ஆக்கின மாதிரி இருக்கும், பேட்ரன் என்ன கேட்பான்னு டிஎம் கூட உட்கார்ந்து முதல்லயே பேசிடுங்க, கேட்காத பேட்ரன் வெறும் ஸ்பெல் லிஸ்ட் தான். எதிரியை பூஜ்யத்துக்கு இறக்கினா கரிஸ்மா மாடிஃபையர் பிளஸ் வார்லாக் லெவல் அளவு டெம்பரரி ஹிட் பாயிண்ட் கிடைக்கும். 2024ல உங்களுக்கு 10 அடிக்குள்ள வேற யார் எதிரியை வீழ்த்தினாலும் கிடைக்கும், அதனால முன்வரிசையை ஒட்டியே நில்லுங்க. ஃபயர்பால் வார்லாக் லிஸ்ட்ல இல்ல, இந்த பேட்ரன் குடுக்கிறான். 6ஆம் லெவல்ல ஒரு செக்குக்கோ சேவுக்கோ டி10 கூட்டிக்கலாம். பேக்ட் ஆஃப் த செயின் எடுத்தா இம்ப் இல்லன்னா குவாசிட் கூடவே வரும், ரெண்டும் இன்விசிபிள் ஆகும், நான் இம்ப் தான் சொல்வேன், பறக்கும், காக்கா, எலி, சிலந்தியா மாறும், உளவு பார்க்க அதை மிஞ்சினது இல்ல.

டீஃப்லிங், ஃபீன்ட் ரத்தம் கலந்த கதாபாத்திரங்க, 1994ல ப்ளேன்ஸ்கேப்ங்கிற டி அண்ட் டி கதை உலகத்துல வந்த இனம், 2008ல 4ஆம் எடிஷன் ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்லயே சேர்த்துட்டாங்க. 2014ல எல்லா டீஃப்லிங்கும் நெருப்பு ரெசிஸ்டன்ஸ், ஹெல்லிஷ் ரெப்யூக், டார்க்னஸ்னு ஒரே அச்சு, 2018ல மார்டன்கைனன்ஸ் டோம் ஆஃப் ஃபோஸ் புக் அஸ்மோடியஸ், ஸாரியல், லெவிஸ்டஸ்னு ஒவ்வொரு ஆர்ச்டெவில் வழி வந்தவங்களையும் பிரிச்சுது. 2024ல மூணு மரபு: அபிஸல் எடுத்தா விஷத்துக்கு ரெசிஸ்டன்ஸும் ஹோல்ட் பெர்சனும், க்தோனிக் எடுத்தா நெக்ரோடிக், இன்ஃபெர்னல் எடுத்தா பழைய நெருப்பு. டீமன் கூப்பிடுற விசார்டுக்கு அபிஸல் கதைக்கும் பொருந்தும், ரத்தமே அந்தப் பக்கத்து ரத்தம்னு பின்கதை எழுதலாம். பின்கதைக்கு முன்மாதிரி வேணும்னா அந்தப் புக்குக்குப் பேர் குடுத்த டாஷாவையே பாருங்க, க்ரேஹாக் கதையில இக்வில்வ்னு பேர் எடுத்தவ, டீமன் லார்ட் கிராஸ்ட்டையே கட்டிப் போட்டவ.

டேபிள்ல உட்காருற எல்லாருக்கும் இந்த விஷயம் ஒத்துக்கும்னு நினைச்சுக்க வேண்டாம். 1980கள்ல அமெரிக்காவுல இந்த கேம் பசங்களை சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்குதுன்னு பெரிய பீதியே கிளம்பி, 1989ல வந்த 2ஆம் எடிஷன்ல டீமன், டெவில்ங்கிற பேரையே எடுத்துட்டாங்க, அப்புறம் 1991ல டனாரி, பாடெஸுன்னு வேற பேர்ல திரும்ப வந்துச்சு. வீட்டுல பக்தியா வளர்ந்தவங்களுக்கு ரத்தம், பலி, சாத்தான்னு வர்றது உண்மையாவே உறுத்தும், அதனால முதல் செஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, யாருக்காவது வேண்டாம்னா ரத்தத்துக்குப் பதிலா சாம்பல், மை ஏதாவது வச்சுக்கலாம், ரூல்ஸ் ஒண்ணும் உடையாது. அப்புறம் ஸ்பெல் எடுத்த ஆளோட பொறுப்பு ஒண்ணு இருக்கு, நீங்க கூப்பிடப் போற டீமன்களோட ஸ்டாட் ப்ளாக்கை (விவரக் குறிப்பை) முன்னாடியே ஒரு அட்டையில எழுதி டிஎம்க்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணுன்னு வச்சுடுங்க, கரிஸ்மா சேவையும் உங்க டிசியையும் மேல பெருசா எழுதிடுங்க, எட்டு ட்ரெட்ச் வந்தா எல்லாத்துக்கும் ஒரே இனிஷியேட்டிவ், அட்டாக் டி20 எல்லாத்தையும் ஒண்ணா உருட்டுங்க, இல்லன்னா மத்த நாலு பேரும் உங்க ஒரு டர்னுக்காக கால் மணி நேரம் காத்திருப்பாங்க.